ஐந்தாவது புள்ளி

கச்சான் அடிக்கிற ஆனி மாதம்.
சித்தாண்டிக்கு மேலே, மருதடித் துறையில்
இரண்டு மருதவேரில் நாடாவைக் கட்டி
ஆற்றைக் குறுக்கே பிடித்திருக்கிறோம்.
லாபிர் நடுவில் நின்று கோலை ஊன்றுகிறான்.
"பதினாலு இஞ்சி" என்கிறான்,
"பதினொண்டு",
"இதில ஒண்டுமில்ல மிஸ், கல்லு."

ஒண்டுமில்லாத அந்தக் கல்லுக்காகத்தான் வந்தோம்.
ஆறு எங்கே மிக மெலிகிறதோ
அங்கே அளக்க வேண்டும்.
மடுவில் எந்த மீனும் எப்படியோ பிழைக்கும்.
மடுவுக்கும் மடுவுக்கும் இடையில்
கல்லுக்கு மேலே நாலு விரல் தண்ணீர்
ஓடுகிறதா இல்லையா என்பதில் இருக்கிறது
உழுவையின் ஊர்ப்பயணம்.

திணைக்களத்துப் படிவத்தில்
நெல்லுக்கு ஒரு கட்டம்,
குடிநீருக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று,
வெயிலில் ஆவியாகிப் போவதற்குக்கூட ஒன்று.
ஆற்றுக்கு இல்லை.
அடிமட்டம் வைத்துக் கோடிழுத்து
நான்தான் ஒன்று சேர்த்தேன்.
அது இன்னும் வெறுமையாய்க் கிடக்கிறது.

நாளுக்கு ஓர் இஞ்சியாய்த் துருசை இறக்கித் தந்தார்
வட்டவிதானை பூபாலபிள்ளை.
நாலு நாள், நாலு புள்ளி.
தாளில் சேர்த்தால் ஒரு கோடு,
சோம்பலாய்ச் சாய்ந்துகொண்டே போகிறது.
முழங்கை மாதிரி அது எங்கேயோ மடங்கவேண்டும்.
அந்த மடிப்புக்குக் கீழே
ஆறு தன் கரைகளைக் கைவிடும்.
மடங்கவில்லை.
"இன்னும் இறக்குங்க" என்றேன்.
"அதுக்குக் கீழ எண்டா மீன் செத்துப்போகும்.
சாகிற இடத்தைக் கண்டுபிடிக்கத்தானா வந்த நீங்க?"
ஓம் என்று சொல்ல
வாய் வரவில்லை.

ஐந்தாம் நாள் விடியப் போனால்
ஆறு இல்லை.
இரவு மேலே யாரோ மூன்று பம்பு போட்டிருக்கிறார்கள்.
குழாய் இழுபட்ட தடம், டீசல் வாசம்.
யாருடையதென்று எவருக்கும் தெரியாது,
பூபாலபிள்ளைக்கும்.
அவருடைய வட்டையில் பயிர் குடலைப் பருவம்.
அவருடைய சாரத்தில்
காயாத சேறு, முழங்கால் வரை.

கொக்குகள் அவசரமில்லாமல் நடந்தன,
சந்தைக்குக் காசோடு வந்தவர்கள் போல.
மேல்மடுவில் கெண்டைக் குஞ்சுகள்
தண்ணீரின் தோலில் வாயை ஒட்டி மூச்செடுத்தன.
இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு விலாங்கு,
கடலுக்கா, திரும்பவா என்று
முடிவெடுக்க முடியாமல்.
லாபிர் அதைத் துவாயில் ஏந்திப் போய்
கீழ்மடுவில் விட்டுவிட்டு வந்தான்.
"இத எழுதுவீங்களா மிஸ்?"

விலாங்கை எழுத இடமில்லை.
நீரோட்டம் எழுதினேன். நனைந்த அகலம் எழுதினேன்:
நேற்று இருபத்திரண்டு அடி,
இன்று ஏழு.
புள்ளியை வைத்தேன்.
கோடு மடங்கியது.

அவ்வளவு துப்பரவான மடிப்பைப்
பாடப்புத்தகத்திலும் நான் கண்டதில்லை.
சந்தோசமாக இருந்தது.
அதை மட்டும் இன்னும்
எவரிடமும் சொல்லவில்லை.

கந்தோரில் கூட்டம்.
முழங்கையைச் சுவரில் ஒட்டிக் காட்டினேன்:
செக்கனுக்கு எழுநூறு லீற்றர்,
இதற்குக் கீழே இறங்கக் கூடாது.
பொறியியலாளர் ஐந்நூறு என்றார்.
பின்வரிசையில் ஒருவர்
"மீன் ஏக்கர்வரி கட்டுதா?" என்றார்.
சிரித்தார்கள்.
பூபாலபிள்ளை சிரிக்கவில்லை.
எழும்பி, சாரத்தை இறுக்கிக் கட்டி,
"ஐந்நூறுக்குக் கல்லுத் தெரியும்" என்றார்.
"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"
அவர் இருந்துவிட்டார்.
மின்விசிறி கொஞ்ச நேரம் தனியே பேசியது.

நான் கீறிய கட்டத்தில் இப்போது
அறுநூறு என்று இருக்கிறது,
பென்சிலில்.
மேசையில் பேனை கிடந்தது,
எவரும் எடுக்கவில்லை.

அறுநூறுக்கு எவ்வளவு வரும் என்று
வாகனத்தில் ஏறும்போது லாபிர் கேட்டான்.
மூன்று விரல் என்றேன்.
சுண்டுவிரலை மடித்து
தன் கையைப் பார்த்துக்கொண்டே வந்தான்,
செங்கலடி தாண்டும் வரை.